மரக்கடைச் சுவர்

கீழ் வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளாமல் இருந்த அந்த நாட்களில் எனக்குத்தான் நிம்மதி போனது. சண்டை போட்டால்கூடப் பரவாயில்லை. காது கொடுத்துக் கேட்டுவிட்டு, யார் பக்கம் நியாயம் என்று மனதுக்குள் தீர்ப்பும் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம். சத்தமே இல்லாத வீட்டுக்கு மேலே உட்கார்ந்து தையல் மிஷின் மிதிப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. நான் மிதிக்கிற சத்தம் எனக்கே நாராசமாகக் கேட்டது.

நான் மாடியில் குடியிருக்கிற தையல்காரி. கீழே இருப்பவளுக்கு நகரத் திட்ட அலுவலகத்தில் வேலை. ஊரில் யார் எங்கே என்ன கட்டுவதாக இருந்தாலும் வரைபடம் அவள் மேஜைக்கு வந்துதான் மேலே போகவேண்டும். இந்த இடத்தில் இதைக் கட்டலாமா, நாலு பக்கமும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள், ரோடு எவ்வளவு அகலம் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். தெருவில் எல்லோருக்கும் அவள் பிளானம்மா. அவள் புருஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். ஒரே பெண் குழந்தை, அப்பா வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்திலேயே மூன்றாம் வகுப்பு. ஒரு இடத்தில் உட்காராது. அதனால் வாலு என்று கூப்பிடுவோம்.

இவ்வளவு பொருத்தமான குடும்பத்தில் வந்து விழுந்தது பள்ளிக்கூடத்துக்கான புதுக் கட்டடத்தின் வரைபடம்.

பழைய பள்ளிக்கூடத்தில் ஒரு விடுமுறை நாளில் மேல்தளம் பெயர்ந்து விழுந்தது. விடுமுறை நாளாக இருந்ததால் நாம் இன்றைக்குச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறோம். அதற்குப் பிறகு பிள்ளைகளைச் சரக்கு அடுக்குகிற ஒரு கிட்டங்கியில் கொண்டுபோய் உட்கார வைத்திருந்தார்கள். தகரக் கூரை. வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒட்டுப்பலகைத் தட்டி. சீருடைக்குத் தையல் பிரிந்துவிட்டது என்று என்னிடம் வருகிற சட்டைகளைப் பார்த்தாலே அந்தக் கிட்டங்கி எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். முதுகுப் பக்கம் முழுக்க வேர்வை காய்ந்து உப்புப் பூத்திருக்கும். துவைத்தாலும் போகாது.

புதுக் கட்டடத்துக்கு இடம் கிடைத்தது பெரிய பாடு. கடைசியில் பழைய மரக்கடை இருந்த இடம் அமைந்தது. நகரத் திட்ட வரைபடத்தில் வீடுகளுக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம், தொழிற்கூடங்களுக்கு ஊதா, பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சிவப்பு என்று நிறம் உண்டாம். மரக்கடை ஊதாவில் இருந்தது. அதைச் சிவப்புக்கு மாற்றவேண்டும். எதிரே இரும்புப் பட்டறை வைத்திருப்பவர், பள்ளிக்கூடம் வந்தால் நாளைக்கு என்னைச் சுத்தியலே தட்டக்கூடாது என்பீர்கள் என்று ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். அவரைச் சமாதானப்படுத்தி, மேலிடத்துக்கு அனுப்பி, திருப்பி வாங்கி, நிறத்தை மாற்றிக் கொடுத்தவள் பிளானம்மாதான். அந்த ஆறேழு மாதமும் வாத்தியாருக்குப் பெண்டாட்டி பெருமை பிடிபடவில்லை. "எங்க வீட்ல நெனச்சா ஊதாவச் செவப்பாக்குவா" என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்.

புருஷன் வேலை பார்க்கிற பள்ளிக்கூடம் என்பதால் வரைபடத்தை நான் பார்ப்பது சரியில்லை என்று மேலதிகாரியிடம் எழுதியே கொடுத்தாள். அவர், "வேற ஆள் எங்கம்மா இருக்கு? நீ பாரு. நீ சரின்னு எழுதினதுக்கப்பறம் நான் ஒரு தடவ பாத்துட்டுக் கையெழுத்துப் போடறேன்" என்று தலையில் கட்டிவிட்டார்.

அவளும் பார்த்தாள். காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. முன்பக்கம் ஆறு மீட்டர் திறந்த இடம் விடவேண்டும், விட்டிருந்தது. பிறகு இடத்துக்குப் போய், கட்டடம் வரப்போகிற கோட்டுக்கு அடித்திருந்த முளைகளிலிருந்து மதில் சுவர் வரைக்கும் டேப் பிடித்தாள். நாலரைதான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்த சண்டை மட்டும் எனக்கு வார்த்தை பிசகாமல் கேட்டது. நான் ஒன்றும் ஒட்டுக் கேட்கவில்லை. பட்டன் தைத்த பாவாடையைக் கொடுக்கப் போனவள் படிக்கட்டில் நின்றுவிட்டேன், அவ்வளவுதான்.

"பின்னால கொஞ்சம் தள்ளிப் போட முடியாதா?" என்றார் வாத்தியார்.

"பின்னால பெரிய மின்சார லைன் போகுது. அதுக்குப் பக்கத்துல ஒரு அடி நகரக்கூடாது. பக்கவாட்டுலயும் எடம் இல்ல."

"அப்ப?"

"முன்வரிசை ரூம எடுத்துட்டு வேற வரையணும். கீழயும் மேலயும்."

"வேற வரைஞ்சு, மறுபடி குடுத்து, மறுபடி எல்லாரும் பாத்து... மழை வந்துரும். மழைக்கப்பறம்தான் தோண்ட முடியும். இன்னும் ஒரு வருஷம் அந்தத் தகரத்துக்கடியில. தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

"தட்டிக்கு அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னா, இந்தப் பக்கம் என் பசங்க சரித்திரப் பரீட்சையில வாய்ப்பாடு எழுதி வைக்கிறானுங்க. போன வாரம் ஒரு பொண்ணு வெக்கையில மயங்கி விழுந்துச்சு. ஊர்ல இருக்கிற வீட்டுக்கெல்லாம் சரின்னு எழுதறவ, பிள்ளைங்களுக்கு ஒண்ணு எழுத மாட்டேங்கற. ஒன்றரை மீட்டர்ல என்ன குடி முழுகிடும்?"

"தீப்பிடிச்சா பெரிய வண்டி உள்ள வந்து திரும்பணுங்க. ஒன்றரை மீட்டர் கொறஞ்சா திரும்பாது. மூக்க நொழைச்சுட்டு மாட்டிக்கும்."

"தீப்பிடிச்சா! இப்ப தெனமும் தலைக்கு மேல பிடிச்சு எரியுதே, அதுக்கு உங்க சட்டத்துல எவ்வளவு மீட்டர்?"

பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் வந்தது. நான் பாவாடையோடு திரும்பி மேலே வந்துவிட்டேன்.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். அவர் சொல்கிற வெக்கையை நான் சட்டை முதுகுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்கிற இடமும் எனக்குப் புரியாததில்லை. துணி வெட்டும்போது தையலுக்கு உள்ளே கொஞ்சம் விடாமல் ஒட்ட வெட்டித் தைத்துப் பாருங்கள். போட்டுக் காட்டும்போது கச்சிதமாக இருக்கும். குனிந்தால் பிரிந்துவிடும். ஆனால் இரண்டு பேரும் அவரவர் நியாயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் நடுவில் இருக்கிற குழந்தை என்ன செய்யும்?

குழந்தை தபால்காரி வேலை பார்த்தது. "அப்பா, அம்மா முட்டை வேணுமான்னு கேக்கறாங்க." "வேணாம்னு சொல்லு." "அம்மா, அப்பாவுக்கு வேணாமாம், எனக்கு ரெண்டு வேணும்." இதில் வாலு தன் பங்குக்குச் சரக்குச் சேர்ப்பதும் உண்டு. "அப்பா, அம்மா என்னைப் பூங்காவுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க" என்று அம்மா சொல்லாததைச் சொல்லி இரண்டு நாள் ஊஞ்சல் ஆடிவிட்டு வந்தது. அப்படியா என்று அவளிடம் கேட்கக்கூட வாத்தியார் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடத்திலிருந்து பெரிய டீச்சர் வந்து போனார். ரொம்ப மரியாதையான அம்மா. வரைபடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் குடித்தார், வாலுவின் கையெழுத்து முன்னேறியிருக்கிறது என்றார், போய்விட்டார். அவர் போன பிறகு பிளானம்மா வாசல்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்று அவள் முகம் சொன்னது.

அந்த வார விடுமுறையில் காலையிலேயே மேலே வந்தாள். தலைக்குத் துணி கட்டி, பழைய செருப்புப் போட்டு, கையில் பெரிய டேப்.

"அக்கா, ஒரு உதவி. டேப்போட ஒரு முனையப் பிடிக்க ஆள் வேணும். ஆபீஸ் ஆளுங்களுக்கு இன்னைக்கு லீவு."

"உனக்கு மட்டும் லீவு இல்லியா?"

"நாளைக்கு முடியாதுன்னு எழுதணும். எழுதறதுக்கு முன்னாடி, எவ்வளவு கொஞ்சமா வெட்டினா போதும்னு பாத்துரலாம்னு தோணுது. முழு வரிசையும் போகாம, மூலையில ஒரு ரூம் மட்டும் போனாப் போதும்னா அதயாவது சொல்லலாம்ல."

"வாத்தியார் வரலியா?"

"அவரு என்கூடப் பேசறதே இல்ல. டேப் எங்க பிடிப்பாரு?"

வாலுவும் கூட வந்தது. மரக்கடை இடத்தில் வரைபடம் வரைந்தவர் சுருட்டிய தாளோடு முன்னமே காத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான மனிதர், காதில் பென்சில், நாலு நாளாகத் தூங்காதவர் போல முகம்.

"மேடம், என் தப்புதான் மேடம்" என்றுதான் ஆரம்பித்தார். "எங்க கோட்ட விட்டேன்னு இன்னும் தெரியல. பழைய நில அளவப் படத்தப் பாத்து அப்படியேதான் எடுத்தேன். என்னால பிள்ளைங்களுக்கு..."

"அழாதீங்க. முளையத் தேடுங்க" என்றாள் பிளானம்மா. அவள் ஆறுதல் சொல்வது அப்படித்தான்.

இடத்தில் இருந்த கொட்டகைகளையும் மரக்குவியலையும் அந்த வாரம்தான் முழுதாக அப்புறப்படுத்தியிருந்தார்கள். மரத்தூள் மண்ணோடு மண்ணாகக் கெட்டித்துப் போய், கால் வைத்தால் மெத்தென்று அமுங்கியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஆனால் மேற்கே வானம் கறுத்து ஒரு புழுக்கம். நான் முளைப் பக்கம் பிடித்தேன், அவள் சுவர்ப் பக்கம். ஒவ்வொரு முளையிலிருந்தும் அளந்தோம். மூலையில் அளந்தோம், நடுவில் அளந்தோம். அவள் எண்ணைச் சொல்லச் சொல்ல வரைபடக்காரர் எழுதிக்கொண்டே குறுகிப் போனார். ஓர் இடத்திலும் ஆறு வரவில்லை. எல்லா இடத்திலும் அதே நாலரை.

"ஒரே சீராக் கொறையுது" என்றாள். "மூலைய மட்டும் வெட்டிப் பிரயோஜனம் இல்ல. முழு வரிசையும்தான்."

வரைபடக்காரர் தாளைச் சுருட்டினார். வாலு, "தண்ணி" என்றது.

வாசலைத் தாண்டி வெளியே வந்தால் மதிலின் நிழலில் ஒரு டீக்கடை. தள்ளுவண்டிதான், ஆனால் சக்கரங்களைக் கழற்றிவிட்டுச் செங்கல் அடுக்கி நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் தண்ணீர் டிரம், உட்கார ஒரு பழைய பெஞ்சு, அதுவும் மரக்கடைக் கட்டையில் செய்தது. கடைக்காரி நாற்பது வயதுக்காரி, கை ஓயாமல் வேலை பார்த்துக்கொண்டே வாயும் ஓயாமல் பேசுகிறவள். எங்களுக்கு டீயும் வாலுவுக்குப் பாலும் ரொட்டியும் கொடுத்தாள்.

"பட்டறைக்காரருக்கு உலையில போட்ட இரும்பு மாதிரி கொதிக்கணும் டீ. உங்களுக்கு நிதானமாப் போட்டிருக்கேன்" என்றாள். பிறகு பிளானம்மாவை ஒரு பார்வை பார்த்தாள். "மேடம் தானே ஸ்கூல் பிளானெல்லாம் பாக்கறது? ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"ஸ்கூல் வந்துட்டா நான் யாரக் கேக்கணும்?"

"எதுக்கு?"

"இங்க கடை போட்டுக்கத்தான். இத்தன வருஷமா மரக்கடைக்காரரக் கேட்டுத்தான் போட்டிருந்தேன். தங்கமான மனுஷன். காலையில ஒரு டீ, சாயங்காலம் ஒரு டீ, அதோட பேச்சு முடிஞ்சுது. இனிமே ஸ்கூல்ல பெரிய டீச்சரக் கேக்கணுமா, உங்க ஆபீஸக் கேக்கணுமா? ஆபீஸுன்னா அலைய விடுவீங்க, அதான் முன்கூட்டியே..."

"ரோட்டோரத்துல கடை போட மரக்கடைக்காரர எதுக்குக் கேட்டீங்க?" பிளானம்மாவின் குரலில் ஆபீஸ் வந்துவிட்டது. "உரிமை கொண்டாடினாரா? மிரட்டினாரா?"

"ஐயோ, சேச்சே! அவர் எடம். அவரக் கேக்காம?"

"அவர் எடம் சுவருக்கு உள்ளதானம்மா."

"சுவரத்தான் அவரு உள்ள வாங்கிக் கட்டினாரே. முன்னாடி சுவரே இல்ல மேடம், வேலிதான், அதோ அங்க இருந்துச்சு. மரம் எறக்க லாரி வந்தா ரோட்ட அடைச்சுக்கிட்டு நிக்கும். பட்டறைக்காரரோட தெனம் சண்ட. ஒருநாள் ரொம்ப முத்திப் போச்சு. போய்யா, என் எடத்துலயே லாரிய நிறுத்திக்கறேன்னு சுவர உள்ள தள்ளி எழுப்பிட்டாரு. நான் பாத்துக்கிட்டுதான இருந்தேன். அந்த வேலை நடக்கும்போது கொத்தனாருக்கெல்லாம் என் டீதான்."

பிளானம்மா டம்ளரைக் கையில் வைத்தபடியே இருந்தாள். குடிக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

"உள்ள தள்ளியா? யாரும் சொல்லாம, அவராவா?"

"அவராத்தான்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "அக்கா, நான் வேலைக்குச் சேந்த நாள்லேருந்து சுவர ரோட்டுப் பக்கம் தள்ளிக் கட்டினவங்களைத்தான் பாத்திருக்கேன். அரை அடி, ஒரு அடி, கேட்டா எங்க தாத்தா காலத்துலேருந்து இப்படித்தான்னு சொல்லுவாங்க. சுவர் எங்க இருக்கோ அதுக்கு உள்ளதான் எல்லை இருக்கும், வெளிய இருக்கவே இருக்காது. அதனால நாங்க யாருமே சுவருக்கு வெளிய அளக்கறதில்ல. தன் எடத்த வெளிய விட்டுட்டுச் சுவர் கட்டற ஆள்..." மேலே சொல்லாமல் டம்ளரை பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள். "மொத்த நீளம் எவ்வளவுன்னு படத்துல இருக்கு?"

வரைபடக்காரர் தாளை பெஞ்சின் மேல் விரித்தார். பின் எல்லையிலிருந்து முன் எல்லை வரைக்குமான நீளத்தைப் படித்தார். இதுவரை அதை யாராலும் இடத்தில் அளக்க முடிந்ததில்லை. நடுவில் மரமும் கொட்டகையும் மலையாகக் கிடந்தன. முளைகளைக்கூடப் பக்க எல்லைகளை ஒட்டி அளந்துதான் அடித்திருந்தார்கள். அதனால்தான் முன்பக்கத்தை மட்டும் சுவரிலிருந்து பார்த்துவிட்டு நாலரை என்று எழுதியிருந்தாள்.

பின்பக்கத்து எல்லைக் கல்லிலிருந்து ஆரம்பித்தோம். டேப் முடிகிற இடத்தில் ஆணி அடித்து, ஆணியிலிருந்து மறுபடி. வெயில் போய் மேகம் மூடிக்கொண்டிருந்தது. காற்று எழும்பி மரத்தூள் கண்ணில் விழுந்தது. வரைபடக்காரர் முன்னால், நான் பின்னால், பிளானம்மா நடுவில் டேப் தொய்யாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. "இறுக்கிப் பிடிங்கக்கா, இது துணி இல்ல" என்று என்னிடமே சத்தம் போட்டாள். துணியைத்தான் இதைவிட இறுக்கிப் பிடிப்பேன் என்று சொல்ல வாய் வரை வந்தது, அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

சுவருக்கு வந்தோம். படத்தில் இருந்த நீளம் இன்னும் முடியவில்லை.

அவள் வாசல் வழியாக டேப்பை வெளியே இழுத்தாள். பெஞ்சைத் தாண்டியது. வண்டியின் செங்கற்களைத் தாண்டியது. கடைக்காரி டம்ளர் கழுவுகிற டிரம்முக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"இங்க தோண்டலாமா?"

"தோண்டுங்க, அது என்ன தங்கமா" என்று கடைக்காரி ஒரு பழைய கரண்டியை நீட்டினாள்.

கழுவுத் தண்ணீர் ஊறி ஊறி மண் இளகிப் போயிருந்தது. பிளானம்மா முழங்காலிட்டுத் தோண்டினாள். ஒரு சாண்கூடப் போகவில்லை, கரண்டி கல்லில் இடித்தது. மண்ணை விலக்கித் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். நாலு மூலையும் சதுரமாக, தலையில் கூட்டல் குறி வெட்டிய எல்லைக் கல். பின்னால் இருந்ததற்கு உடன்பிறப்பு.

அவள் அந்த ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள். புடவையெல்லாம் சேறு. நான் பதறிக்கொண்டு கிட்டே போனால், "ஆறு இருக்குக்கா" என்றாள். "ஆறு, ஆறேகால்கூட இருக்கும்."

எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. என் பிள்ளைகள் யாரும் அந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. ஆனாலும் அப்படி இருந்தது.

வரைபடக்காரர் தாளைச் சுருட்டுவதும் விரிப்பதுமாக நின்றார். "அப்ப நான் சரியாத்தான் வரைஞ்சிருக்கேனா மேடம்?"

"சரியாத்தான் வரைஞ்சிருக்கீங்க. அத அன்னைக்கே என்கிட்ட அடிச்சுச் சொல்லியிருக்க வேண்டியதுதான?"

"நீங்க அளந்து கொறையுதுன்னு சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்துருச்சு. சுவருக்கு வெளிய எடம் இருக்கும்னு நான் மட்டும் கனவா கண்டேன்?"

"சரி, கோட்ட விட்டது நான். போய்ப் பெரிய டீச்சருக்குப் போன் பண்ணுங்க. இல்ல, வேணாம், இருங்க. நில அளவை ஆபீஸ்லேருந்து வந்து அளந்து சொல்லட்டும், அப்பறம் பண்ணலாம்." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். கிட்டத்தட்ட ஒரு வாரத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு.

எல்லோரும் சிரித்தோம், கடைக்காரியைத் தவிர. அவள் வண்டியையும் கல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது ஸ்கூலோட எடம். என் கடை?"

பிளானம்மாவின் சிரிப்பு நின்றது. எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டாள். சுற்றி வளைக்கத் தெரியாதவள். "இந்த ஆறு மீட்டர்ல எதுவும் இருக்கக்கூடாதும்மா. சும்மா கெடக்கணும். இந்தச் சுவர இடிச்சுட்டு, கல்லு இருக்கற கோட்டுல புதுச் சுவர் வரும். நீங்க இங்க இருக்க முடியாது."

"நான் வாயத் தொறக்காம டீயக் குடுத்துட்டுக் கம்முனு இருந்திருக்கலாம்" என்றாள் கடைக்காரி. கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னாள். அதுதான் சங்கடமாக இருந்தது.

பிளானம்மா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். "சக்கரம் எங்க?"

"பட்டறையில கெடக்கு."

"மாட்டுங்க. புதுச் சுவருக்கு வெளிய, அந்த விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்துல நடைபாதை அகலமா இருக்கு. தள்ளுவண்டிக்கு அனுமதி உண்டு, செங்கல்ல நிக்கற கடைக்குத்தான் கெடையாது. எந்த ஆபீஸ்ல கேக்கணுமோ அங்க நானே உங்களக் கூட்டிட்டுப் போறேன். அலைய விடமாட்டேன்."

"நெழல் இருக்காதே அங்க."

"இருக்காது" என்று ஒப்புக்கொண்டாள். "ஆனா பள்ளிக்கூடத்து வாசல். பிள்ளைங்கள விட வர்றவங்க, கூப்பிட வர்றவங்க, அத்தன பேரும் அங்கதான் நிப்பாங்க."

கடைக்காரி கம்பத்தைப் பார்த்தாள். மனதுக்குள் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பார்த்திருப்பாள் போல. "குடை ஒண்ணு கட்டிக்கலாம்" என்று தனக்கே சொல்லிக்கொண்டு டம்ளர்களை எடுத்துக் கழுவ ஆரம்பித்தாள். வாலுவுக்கு இன்னொரு ரொட்டி கொடுத்தாள், அவளாகவே.

வீட்டுக்கு வந்ததும் வாலு வாசலிலிருந்தே கத்தியது. "அப்பா! எடம் இருக்கு! அம்மா கரண்டியால தோண்டினாங்க!"

வாத்தியார் துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததை வாலு தலையும் வாலும் இல்லாமல் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். பெண்டாட்டியின் சேற்றுப் புடவையைப் பார்த்தார். "ம்" என்றார். மறுபடி இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த இஸ்திரிப் பெட்டியைப் பிடுங்கி அவர் காலிலேயே போட்டிருப்பேன். பேசாமல் மாடி ஏறிவிட்டேன்.

மறுநாள் நில அளவைக்காரர்கள் வந்து அளந்தார்கள். கல் சரி, கோடு சரி. இரண்டு நாளில் மேலதிகாரி ஒருமுறை நேரில் வந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெரிய டீச்சர் ஆபீஸிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அன்றைக்கு மதியத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் ஒரு சீருடைச் சட்டையைக் கொடுக்கக் கீழே போயிருந்தேன். வாத்தியார் தொப்பலாக நனைந்து வந்தார். தகரத்தில் விழுந்த மழைச் சத்தத்தில் மதியத்திலிருந்து ஒரு பாடமும் நடக்கவில்லை, பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன் என்று என்னிடம் சொல்வது போலப் பொதுவாகச் சொன்னார். பிளானம்மா துண்டை எடுத்து நீட்டினாள். வாலு மூலம் அனுப்பாமல் தன் கையாலேயே நீட்டினாள். வாங்கிக்கொண்டார். தலையைத் துவட்டவில்லை. துண்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கல்லு இல்லாமப் போயிருந்தா?"

"முடியாதுன்னு எழுதியிருப்பேன்" என்றாள்.

"நான் பேசாமலே இருந்திருந்தாலும்?"

"இருந்திருந்தாலும்."

நான் சட்டையை நாற்காலி மேல் வைத்துவிட்டு நழுவப் பார்த்தேன். மறுபடி ஆரம்பித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், சட்டை மேலேயே. ஈரத்தோடு.

"நீ சரின்னு எழுதணும்னுதான் ஆசப்பட்டேன். பொய்யில்ல. நீ எழுதியிருந்தா சந்தோஷமா சாமானெல்லாம் தூக்கிட்டுப் போயிருப்பேன். மொத நாளு மாடியில பசங்கள உக்கார வச்சுட்டு ஜன்னல் வழியா கீழ பாத்திருப்பேன், வண்டி திரும்புமான்னு. மறுநாளும் பாத்திருப்பேன். அப்பறம் தெனம் அதே வேலதான்."

"இப்ப?"

"இப்ப பாடம் நடத்துவேன்."

அவள் அவர் கையிலிருந்த துண்டைப் பிடுங்கித் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள், வலிக்கிற மாதிரி. "இத அப்பவே சொல்றதுக்கு வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"அப்ப எனக்கே தெரியாதேடி" என்றார் துண்டுக்குள்ளிருந்து.

வாலு புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி இரண்டு பேரையும் பார்த்தது. "அப்பா, அம்மா முட்டை வேணுமான்னு கேக்கறாங்க" என்றது. யாரும் அதைத் தூது போகச் சொல்லியிருக்கவில்லை.